நிறுத்தியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி மகள் கல்யாணத்துக்கு வருவாய், ஆனால் பந்தியில் உட்கார மாட்டாய் என்று நேற்று சொன்னாயே, அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால் எல்லாம் நிறுத்தி மாதக்கணக்கில் மிளகு ரசமும் உருளைக்கிழங்குமாக ஓட்டுகிறாய். வயிறு அடங்கியது சந்தோஷம்தான். ஆனால் அந்த உணவுமுறையில் நீ பாதியிலேயே நின்றுவிட்டாய். போனில் சொன்னால் ‘சரிம்மா’ என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

டாக்டர் உனக்குச் சொன்னது ஃபாட்மேப் குறைந்த உணவு, அதாவது சரியாகச் செரிக்காமல் வாயு உண்டாக்குகிற சிலவகை மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடு. மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது. எல்லாவற்றையும் நிறுத்துவது அதில் முதல் கட்டம் மட்டும்தான். 2 முதல் 6 வாரம் போதும். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டு, எது ஒத்துக்கொள்கிறது, எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். அதன்படி உனக்கென்று ஒரு சாப்பாட்டை அமைத்துக்கொள்வது கடைசிக் கட்டம்.

பூண்டும் பருப்பும் உன் குடலைப் புண்ணாக்குவதில்லை, பாப்பா. அவற்றிலுள்ள சிலவகை மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும்போது வாயு உண்டாகிறது. இது எல்லார் வயிற்றிலும் நடப்பதுதான். உன் குடல் நரம்புகள் கொஞ்சம் கூடுதலாக உணர்வதால் உனக்கு அது வலியாகிறது. அந்த நல்ல பாக்டீரியாவுக்கும் அதுதான் தீனி. வருஷக்கணக்கில் பட்டினி போட்டால் அவை குறைந்துபோகும்.

பாலில் ஆரம்பி. முதல் நாள் கால் டம்ளர், மறுநாள் அரை, அதற்கடுத்த நாள் ஒரு டம்ளர். மற்ற சாப்பாடு இப்போது சாப்பிடுகிற மாதிரியே இருக்கட்டும். ஆசையாக இருக்கிறதென்று காபி போட்டுக் குடிக்காதே. காபியும் வயிற்றைக் கலக்கும், குற்றம் பாலுடையதா காபித்தூளுடையதா என்று தெரியாமல் போய்விடும். சப்பாத்தியும் அப்படித்தான், வெங்காயக் குருமாவோடு சாப்பிட்டுவிட்டு கோதுமையைத் திட்டக் கூடாது. வயிறு உப்பினால் நிறுத்தி, இரண்டு மூன்று நாள் அடங்கவிட்டு அடுத்ததற்குப் போ. மாதவிலக்கு நாட்களிலும், ஆபீஸில் தலைபோகிற வேலை இருக்கும்போதும் எதையும் புதிதாகத் தொடங்காதே. அப்போது வயிறு தானாகவே கெட்டுக்கொள்ளும்.

பூண்டு கடைசியில் வரட்டும். அதுவரை வாசனைக்கு ஒரு வழி இருக்கிறது. நல்லெண்ணெயில் நான்கு பல்லைத் தட்டிப் போட்டுப் பொன்னிறமாக வதக்கி, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளி. உன்னைத் தொந்தரவு செய்கிற சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் ரசத்தில் கொதிக்கவிட்டுப் பூண்டை மட்டும் பொறுக்கி எடுப்பதில் பிரயோஜனமில்லை, சத்து ரசத்தில் இறங்கியிருக்கும். எண்ணெயை அன்றன்றைக்குச் செய். பூண்டு எண்ணெயை வெளியே வைத்திருந்தால் விஷமாகலாம். பெருங்காயம் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் டப்பாவில் மைதா கலந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்கு. பருப்பை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவை. முதலில் இரண்டு கரண்டி போதும். கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் பொறுமையாக வரட்டும்.

நல்லவேளை, கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே, கோதுமைப் புரதத்தால் குடல் கெடுகிற சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டாய். நிறுத்திய பிறகு எடுத்திருந்தால் நோய் இருந்தாலும் இல்லை என்றே காட்டக்கூடும். மலத்தில் ரத்தம், ராத்திரி எழுப்புகிற வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, காரணமில்லாமல் எடை இறங்குவது இதில் எது வந்தாலும் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதே, உடனே டாக்டரிடம் போ.

கல்யாணத்துக்குள் பாலும் கோதுமையும் பார்த்து முடித்துவிடலாம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார். சாதம், நெய், அப்பளம், வாழைக்காய் வறுவல் எல்லாம் நீ சாப்பிடக்கூடியதுதான். வேண்டாததை இலையில் ஒதுக்கி வை, யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த ஞாயிறு எடை பார்த்து எனக்கு அனுப்பு. குறைந்திருந்தால் பாலைக்கூட நீயாகத் தொடங்க வேண்டாம், முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு, டயட்டீஷியனிடமும் நேரம் வாங்கு.

அன்புடன்,
அம்மா