குடாநாட்டின் நிலத்தடி நீரும் மூன்று துறைகளும்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், மூதவை (செனற்) உறுப்பினர்களுக்கும், விஞ்ஞான பீடம், மருத்துவ பீடம், சட்டத்துறை ஆகியவற்றின் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

நான் யாழ்ப்பாண நீதிமன்றங்களில் தொழில் புரியும் ஒரு சட்டத்தரணி. வலிகாமத்தில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். இந்த மடலில் நான் முன்வைப்பது ஒரே ஒரு கோரிக்கை. குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பற்றி விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் தொடக்கத்திலிருந்தே கூடித் திட்டமிடும் நிரந்தர ஆய்வுப் பணியொன்றைப் பல்கலைக்கழகம் தன் பெயரில் ஏற்று நடத்த வேண்டும். தனித்தனி ஆய்வுகளுக்குக் குறைவில்லை. நைத்திரேற்று பற்றியும் உவர்நீர் ஊடுருவல் பற்றியும் உங்கள் ஆசிரியர்களும் மாணவர்களும் நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள். அந்த உழைப்பின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் ஒரு கிணறு கெட்டுப்போய், அதன் சொந்தக்காரர் நீதி கேட்டு வரும் நாளில், அந்த ஆய்வுகளில் எத்தனை அவருக்குக் கைகொடுக்கின்றன என்பதை வழக்குக் கோப்புகளோடு வாழ்பவர்கள் அறிவார்கள்.

நம் நிலத்தின் தன்மையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இங்கில்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் குடிக்கவும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கவும் அள்ளுகிறோம். 2024 ஆகஸ்டில் தாழையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது உண்மை. ஆயினும் தோட்டக் கிணறும் வீட்டுக் கிணறும் இல்லாத வலிகாமத்தை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

இனி வலிகாமத்திலுள்ள சுன்னாகத்துக்கு வருகிறேன். அனல் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் படர்ந்திருப்பதாக மக்கள் முறையிட்டார்கள். 2015 தொடக்கத்தில் அது பெரும் போராட்டமாக வெடித்தது. மல்லாகம் நீதவான் நீதிமன்றத்திலும், பின்னர் அடிப்படை உரிமை மனுவாக, நாட்டின் அதியுயர் நீதிமன்றமான கொழும்பு உயர் நீதிமன்றத்திலும் வழக்குகள் எழுந்தன. 2019 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, மின்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்றும், பாதிக்கப்பட்ட கிணறுகளின் உரிமையாளர்களுக்கு அது பகிரப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஒரு கிணற்றுக்கு உச்ச அளவாக 40,000 ரூபா. இலங்கையின் சுற்றாடல் சட்ட வரலாற்றில் இது முக்கியமான தீர்ப்பு. அதைப் பெற்றுத் தந்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

என் கவலை அந்தத் தீர்ப்பைச் சென்றடைந்த வழியைப் பற்றியது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் பல கிணறுகளில் எண்ணெயும் கிறீஸும் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருப்பதாகக் கூறின. வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ ஆபத்தான கலப்பு இல்லை என்ற கருத்தை முன்வைத்தது. தண்ணீர் ஒன்று, ஊர் ஒன்று, காலமும் ஏறக்குறைய ஒன்று. முடிவுகள் மட்டும் இரண்டு. எதை நம்பிப் பிள்ளைக்குப் பால் கரைப்பது என்று தாய்மார் கேட்டபோது விடை சொல்ல ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் மக்கள் இழந்தவற்றில், தண்ணீருக்கு அடுத்தபடியாக, நிபுணர்கள் மீதான நம்பிக்கையைத்தான் சொல்வேன்.

இரு முடிவுகளும் ஏன் முரண்பட முடிகிறது என்பதை இரசாயனம் படித்தவர்கள் எளிதில் விளக்குவார்கள். 'எண்ணெயும் கிறீஸும்' என்ற பரிசோதனை, எக்சேன் போன்ற கரைப்பானில் கரைந்து வருவதையெல்லாம் சேர்த்து நிறுக்கிறது. அது டீசலா, கழிவெண்ணெயா, நீரிறைக்கும் இயந்திரத்திலிருந்து ஒழுகியதா என்பதை அந்த நிறை சொல்லாது. பென்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் சேர்வைகளைத் தேடும் பரிசோதனை வேறு. எண்ணெய் நிலத்தில் நெடுங்காலம் கிடந்திருந்தால் அந்தச் சேர்வைகள் பறந்துபோய், கனமான பகுதி மட்டும் எஞ்சியிருக்கலாம். எனவே ஒன்று 'உண்டு' என்பதும் மற்றது 'காணவில்லை' என்பதும் ஒரே கிணற்றில் ஒருங்கே உண்மையாக இருக்க இடமுண்டு. எண்ணெயின் மூலத்தை அடையாளம் காண வாயு குரோமற்றோகிராபி மூலம் அதன் கூறுகளைப் பிரித்து, சந்தேகத்துக்குரிய இடத்து எண்ணெயோடு ஒப்பிட வேண்டும். சுன்னாகத்தில் புதிய நிலையத்துக்கு முன்பே பழைய மின்நிலையம் ஒன்றும் பல ஆண்டுகள் இயங்கியது என்பதை நினைத்தால், இந்த ஒப்பீடு எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும்.

நீதிமன்றத்தில் இந்த நுட்பங்கள் எப்படிக் கேட்கப்படுகின்றன என்பது விஞ்ஞானிகளுக்கு யாரும் சொல்லித் தராத பாடம். ஆய்வுக்கட்டுரையில் 'தொடர்பு நிறுவப்படவில்லை' என்று எழுதுபவர், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்ற நம்பக எல்லையை எட்டவில்லை என்று நேர்மையாகச் சொல்கிறார். குடியியல் வழக்கில் நீதிபதி தேடுவதோ எது கூடுதல் நிகழ்தகவுடையது என்பதை மட்டுமே. விஞ்ஞானியின் அந்த நேர்மையான வாக்கியத்தை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எடுத்து, 'தொடர்பே இல்லை என்று பல்கலைக்கழகமே கூறிவிட்டது' என்று வாதிடுவார். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணரின் கருத்தை ஏற்க வழிவிடுகிறது. ஆனால் குறுக்கு விசாரணையில் அந்தக் கருத்து எங்கே முறியும் என்பதை முன்கூட்டியே சுட்டிக்காட்ட, ஆய்வைத் திட்டமிடும் மேசையில் சட்டம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அறிக்கை அச்சாகிய பின் அவர் வந்து பயனில்லை.

மிகச் சிறிய விடயம் ஒன்றைச் சொல்கிறேன். கிணறு கெட்டுவிட்டது என்று வருபவர்கள் பெரும்பாலும் தண்ணீரையும் கையோடு கொண்டு வருவார்கள். சோடாப் போத்தலில் நிரப்பி, மூடியை இறுக்கி, ஷொப்பிங் பையில் சுற்றி மேசையில் வைப்பார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மேலே ஒரு நிறப்படலம் மினுங்குவதும் உண்டு. அந்தப் போத்தல் வழக்குக்கு உதவாது. எண்ணெய் பிளாஸ்திக்கின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கண்ணாடிப் போத்தல் வேண்டும், மாதிரியை எடுத்தவுடன் அமிலம் சேர்த்துக் குளிரில் வைக்க வேண்டும். வாளியால் மேல்நீரை அள்ளினார்களா, ஆழத்திலிருந்து எடுத்தார்களா, எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில், முத்திரை இட்டது யார், ஆய்வுகூடத்தில் ஒப்பமிட்டுப் பெற்றது யார் என்ற சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த மாதிரி சான்றாக நிற்காது. கண்ணால் கண்ட மாசை நிரூபிக்க முடியாதென்று அந்த மனிதரிடம் சொல்வதைவிடக் கடினமான வேலை என் தொழிலில் குறைவு. கண்ணாடிப் போத்தலை விஞ்ஞான பீடம் அறியும். கையொப்பச் சங்கிலியைச் சட்டத்துறை அறியும். இரண்டையும் இரு பக்கக் கையேடாகத் தமிழில் எழுதிக் கிராம அலுவலர்களிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களிடமும் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

இதிலும் பெரிய இடர் காலத்தைப் பற்றியது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை மீறல் நிகழ்ந்த ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த மாதத்துக்குள் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. தொடரும் மீறல் என்ற வாதமும் உண்டு. ஆனால் அவை விதிவிலக்குகள். தீங்குக்கான நட்டஈட்டு வழக்குக்குக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் தருவது 2 ஆண்டுகள். நிலத்தடி நீரைப் பற்றி விஞ்ஞானம் நம்பிக்கையோடு பேச மாரி, கோடை இரண்டிலும் எடுத்த மாதிரிகள் வேண்டும். அதற்கே ஓராண்டு போய்விடும். நீண்டகாலம் பென்சீன் உட்கொள்வதால் வரும் இரத்தப் புற்றுநோயோ, ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியில் ஏற்படுத்தும் பாதிப்போ மருத்துவரின் கண்ணில் படுவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். சட்டத்தின் கதவு மாதக் கணக்கில் மூடுகிறது; நோய் ஆண்டுக் கணக்கில் வருகிறது. கிணறு கெட்ட பின் ஆய்வைத் தொடங்குவதென்றால் இந்த இடைவெளியை ஒருநாளும் தாண்ட முடியாது. கெடுவதற்கு முன்பே எடுத்து வைத்த அளவீடுகள் மட்டுமே அதைத் தாண்டும்.

சுன்னாகத் தீர்ப்பின் தொகை கிணறுகளை அலகாகக் கொண்டிருப்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த உடல்களைப் பற்றி நீதிமன்றத்தின் முன் எதை வைத்திருக்க முடியும்? மின்நிலையம் வருவதற்கு முன் அந்த ஊர்களில் எந்த நோய் எவ்வளவு இருந்தது என்ற பதிவு வேண்டும். யார் எந்தக் கிணற்றில் எத்தனை ஆண்டு குடித்தார்கள் என்ற பதிவும் வேண்டும். நம் வைத்தியசாலைக் கிளினிக் கொப்பிகளில் நோயாளியின் முகவரி இருக்கிறது; அவர் குடிக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலும் அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்கு மருத்துவ பீடத்தின் சமுதாய மருத்துவத் துறை முன்கை எடுத்தால், பத்து ஆண்டுகளில் இந்தக் குடாநாட்டிடம் இலங்கையில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு செல்வம் இருக்கும்.

இதற்கு மின்நிலையம் போன்ற பெரும் விபத்து தேவையில்லை. நைத்திரேற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு இடும் இரசாயனப் பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் அது செம்மண்ணையும் கல்லையும் கடந்து கிணற்றுக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். போத்தல் பால் குடிக்கும் குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிப்பதைத் தடுக்கவே முதலில் அந்த எல்லை வகுக்கப்பட்டது. நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, நீர் ஆவியாவதால் சற்றுச் செறியவும் கூடும். கொதித்தாறிய நீரே பாதுகாப்பு என்று தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த ஒரு தாய்க்கு இதை யார் சொல்வது? அளந்தவர் இரசாயனவியலாளர், சொல்ல வேண்டியவர் மருத்துவர், மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை உள்ளூராட்சி மன்றம் கட்டட அனுமதியில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டுமென்று வாதிட வேண்டியவர் சட்டம் படித்தவர். இந்த மூவரும் உங்கள் சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறார்கள்; ஒருவரிடமிருந்து மற்றவரிடம் நடந்தே போய்விடலாம்.

ஏன் நடப்பதில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தேன். பதவியுயர்வுக்குத் தன் துறைச் சஞ்சிகையில் வெளிவரும் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு, வேறு துறையினரோடு சேர்ந்து தமிழில் எழுதும் அறிக்கைக்குக் கிடைப்பதில்லை. ஒரு மாணவரை இரு பீடத்து ஆசிரியர்கள் சேர்ந்து வழிநடத்தினால் அந்த வேலை யார் கணக்கில் சேரும் என்பதிலும் தெளிவில்லை. சட்டத்துறை கலைப்பீடத்தின் கீழ் இருப்பதால், ஆய்வுகூட நிதிக்கான விண்ணப்பங்களில் அதன் பெயர் இயல்பாக வருவதுமில்லை. இவை மூதவை நினைத்தால் திருத்தக்கூடியவை. நீர் ஆய்வில் துறை கடந்த கூட்டு வழிகாட்டலை முறைப்படி ஏற்று, சட்ட மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வுகளில் சிலவற்றை இதற்கு ஒதுக்கி, தெரிந்தெடுத்த நிலையான கிணறுகளில் ஆண்டுக்கு இருமுறை மாதிரி எடுக்கும் பொறுப்பை ஒரு குழுவிடம் ஒப்படைத்தாலே வேலை தொடங்கிவிடும்.

அறநெறிப் பக்கத்தில் நான் வலியுறுத்த விரும்புவது இது. ஒருவர் தன் கிணற்றில் மாதிரி எடுக்க விட்டால், முடிவை முதலில் அறியும் உரிமை அவருடையது. அதுவும் அவருக்கு விளங்கும் தமிழில், எண்ணோடும் அந்த எண்ணின் பொருளோடும். அதே வேளையில், கெட்ட கிணறு உள்ள காணி என்று பெயர் வந்தால் விலை விழும் என்று அஞ்சும் குடும்பங்களின் அடையாளம் வெளியே வரக்கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரக் காப்பது எளிதல்ல. அறநெறி மீளாய்வுக் குழுவில் மருத்துவர்களோடு நீரியல் அறிந்தவரும் சட்டம் அறிந்தவரும் அமர்ந்து இதற்கான விதிகளை வகுக்க வேண்டும். தொழில் நிறுவனங்களிடமோ அரசியல் அதிகாரத்திடமோ ஆலோசனைப் பணி ஏற்ற ஆசிரியர் அதை முன்கூட்டியே பகிரங்கப்படுத்த வேண்டும் என்பதையும் அந்த விதிகளில் சேருங்கள். 2015இல் ஊர் மக்கள் எழுப்பிய கேள்விகளில் மிகக் கூர்மையானது, யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதுதான்.

இந்த ஆண்டு மாரி மழைக்கு முன் முதல் மாதிரிகள் எடுக்கப்பட்டால், மழைக்குப் பின் எடுப்பவற்றோடு அடுத்த தைக்குள் ஒப்பிட்டுவிடலாம். அதற்கு முந்தும் மூதவைக் கூட்டமொன்றில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். மாதிரி எடுக்கும் மாணவர்களுக்குச் சான்றுச் சட்டம் பற்றிச் சில வகுப்புகள் தேவைப்பட்டால், வேதனம் எதுவுமின்றி வந்து எடுக்க நானும் என் சக சட்டத்தரணிகள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். உங்கள் பதிலையும், முடியாது என்றால் அதற்கான காரணத்தையும், மக்கள் படிக்கும் வகையில் வெளிப்படையாக எதிர்பார்க்கிறேன்.

பணிவுடன்,
வலிகாமத்தைச் சேர்ந்த சட்டத்தரணி ஒருவர்