கத்தாமல் பாட வேண்டிய பாட்டு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ஒத்திகைப் பதிவை அம்மாவும் நானும் கேட்டோம். அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டை உங்கள் குழு எடுத்திருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகளிடமும் வாசித்துக் காட்டு.

முதல் விஷயம், நீ கோரஸில் குரலை உயர்த்துகிறாய். உயர்த்தாதே. போராட்டப் பாட்டு என்றதும் தொண்டையைத் திறக்கத் தோன்றுவது இயல்புதான். இந்தப் பாட்டை வெளியிட்ட அதே மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனி 1970-ல் வெளியிட்ட எட்வின் ஸ்டாரின் ‘வார்’ அப்படிப்பட்ட பாட்டு. அதே வருஷம் வந்த டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘பால் ஆஃப் கன்ஃப்யூஷன்’ நாட்டின் குழப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூச்சுவிடாமல் வீசுகிறது. இரண்டுமே அருமையான பாட்டுகள், இரண்டுக்கும் கத்தல் பொருந்தும். இந்தப் பாட்டுக்குப் பொருந்தாது. இதில் பாடுகிறவன் யாரையும் எதிரியாக நிறுத்தவில்லை. முதலில் அம்மாவைக் கூப்பிடுகிறான், அழுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்கிறான். பிறகு சகோதரனைக் கூப்பிட்டு, சாகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்கிறான். அடுத்து அப்பாவிடம், நிலைமையை இன்னும் முற்றவிட வேண்டாம், போர் இதற்குப் பதில் இல்லை என்கிறான். வீட்டு ஆட்களிடம் பேசுகிற பேச்சு. அடிக்காதே, என்னிடம் பேசு என்று கேட்கிற வரியை நீ அதட்டிப் பாடினால் அந்த வரிக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது.

இந்தத் தணிவு பயத்தால் வந்ததல்ல. பாட்டுக்கு விதை போட்டவர் ஃபோர் டாப்ஸ் குழுவின் ஓபி பென்சன். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான காலி இடம் ஒன்றில் மாணவர்களும் ஊர்க்காரர்களும் செடி நட்டுப் பூங்கா அமைத்திருந்தார்கள். 1969 மே 15 அன்று அதை மீட்க வந்த போலீஸ் கூட்டத்தின்மீது சுட்டது. ஜேம்ஸ் ரெக்டர் என்ற 25 வயது இளைஞர் குண்டடிபட்டு நான்கு நாளில் இறந்தார். அன்றைய வன்முறையைத் தம் குழுவின் பயண பஸ்ஸிலிருந்து பார்த்தவர் பென்சன். பாடலாசிரியர் ஆல் கிளீவ்லண்டோடு சேர்ந்து அவர் தொடங்கிய பாட்டை அவருடைய குழுவே, போராட்டப் பாட்டெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கியது. அது மார்வின் கேயிடம் வந்தது. அவர் மெட்டையும் வரிகளையும் தன் போக்குக்குத் திருத்தினார். அவருடைய தம்பி ஃபிராங்கி வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர். பதிவு நடந்தது டெட்ராய்ட்டில், மோட்டவுனின் ஹிட்ஸ்வில் ஸ்டுடியோவில், 1970 ஜூனில். அதற்கு முந்தைய மாதம்தான் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை 4 மாணவர்களைச் சுட்டுக் கொன்றது. பத்தே நாளில் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீஸ் சுட்டு இன்னும் 2 பேர் இறந்தார்கள். டெட்ராய்ட் நகரமும் 1967 கலவரத்தில் 43 உயிர்களை இழந்திருந்தது. இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு பாடப்பட்ட பாட்டு அது.

இனி வாசிப்புக்கு வருகிறேன். உங்கள் கீபோர்டு பையன் ஓர் இடத்தில் பாட்டைத் தட்டையாக்குகிறான். ஸ்கேல் ஈ மேஜர். சரணத்தில் இரண்டு கார்டுகள், அதாவது சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டங்கள், ஈ மேஜர் செவனும் சி ஷார்ப் மைனர் செவனும் மாறி மாறி வருகின்றன. பிறகு எஃப் ஷார்ப் மைனர் செவன், அங்கிருந்து பி. இந்தக் கடைசிக் கார்டை அவன் சாதாரண பி செவனாக வாசிக்கிறான். அதில் இருக்கும் டி ஷார்ப், ஈ-யை நோக்கி இழுத்து, விஷயம் முடிந்துவிட்டது போல் காட்டிவிடும். அங்கே வர வேண்டியது பி லெவன். இடது கையில் பி மட்டும், வலது கையில் ஏ மேஜர், அதாவது ஏ, சி ஷார்ப், ஈ. டி ஷார்ப் எங்கேயும் இருக்கக் கூடாது, கிட்டார்காரரும் தொடக் கூடாது. அப்போதுதான் கேள்வி அந்தரத்தில் நிற்கும்.

இன்னொன்று, நடுவில் வரிகள் நின்று வெறும் ஸ்வரமாகப் பாடும் இடம். அங்கே கார்டு ஏ மைனர் செவனுக்குப் போகிறது. ஈ மேஜரில் இல்லாத சி, ஜி இரண்டும் உள்ளே வருகின்றன. உன் பதிவில் அந்த இடத்தில் பழக்கத்தில் ஜி ஷார்ப் பாடியிருக்கிறாய், உறுத்துகிறது. ஏ மைனர் செவனை மட்டும் கீபோர்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏ, சி, ஈ, ஜி நான்கிலும் மெதுவாக ஏறி இறங்கிப் பழகு. காது பிடித்துக்கொண்ட பிறகு அலங்காரம் செய்யலாம்.

பேஸ் கிட்டார்தான் இந்தப் பாட்டின் உயிர், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அன்று இரவு அவரை ஒரு பாரிலிருந்து தேடிக் கூட்டிவந்தார்கள், உட்கார முடியாமல் தரையில் படுத்தபடியே வாசித்தார் என்று சொல்வார்கள். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அவருக்கு எப்போதும். கிட்டார் 1962-ம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன், அதில் தடித்த, மேற்பரப்பு வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிகள். அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். கம்பிகள் கீழ்முனையில் ஊன்றும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச் இருக்கும், அதனால் ஸ்வரம் நீளாமல் உருண்டையாக விழும். உங்கள் பேஸ் பையன் புதுக் கம்பி போட்டிருக்கிறான், அந்த ‘டிங்’ சத்தம் டாம்பரினோடு மோதுகிறது. ஃபிளாட்வவுண்ட் வாங்கச் சொல். முடியாவிட்டால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகச் சொல். கம்பியைத் தொட்டால் போதும். இறுக்கித் திணித்தால் சுருதி ஏறும், ஸ்வரம் செத்து வெறும் ‘தொப்’ மட்டும் மிஞ்சும். செருகியபின் மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கச் சொல்.

ஜேமர்சனின் வரியை அப்படியே எடுப்பது கஷ்டம். 70 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு 70 பீட்) தொடங்கி, கை சுத்தமானபின் 4, 4-ஆகக் கூட்டட்டும். பதிவின் வேகம் சுமார் 100. முடியாத இடத்தில் ஸ்வரத்தைக் குறைக்கலாம், இடத்தை மாற்றக் கூடாது. முதல் பீட்டில் கார்டின் மூல ஸ்வரம் விழுந்தே ஆக வேண்டும், அதற்குப் பிறகு எங்கே போனாலும் பரவாயில்லை. ஸ்கேலை மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். உன் குரல் தாங்கும்வரை மாற்றாதே. ஈ, ஏ இரண்டும் திறந்த கம்பியில் கிடைப்பதால்தான் இடது கைக்கு நகர நேரம் கிடைக்கிறது.

டிரம்ஸில் உள்ள குறை, வேகம்தான். கோரஸ் வந்ததும் 110-க்கு ஓடுகிறீர்கள், ஸ்னேர் டிரம்மும் ஓங்கி விழுகிறது. மார்வின் கே வழக்கமான மோட்டவுன் டிரம்மர்களை விட்டுவிட்டு, பெரிய ஜாஸ் குழுக்களில் வாசித்த செட் ஃபாரஸ்ட் என்பவரைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. நடையைச் சுமப்பவை எடி பிரவுன் வாசித்த காங்கோ, போங்கோக்கள். டிரம்ஸ் அவற்றுக்கு அடியில் நடக்க வேண்டும். காங்கோ வாசிக்க ஆள் கிடைத்தால் அவரைப் பேஸ் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். டாம்பரின் மிருதங்கத்தோடு வரும் கஞ்சிரா மாதிரி, விட்ட இடத்தை நிரப்பினால் போதும்.

இரட்டைக் குரல் பற்றித்தான் நீ அதிகம் கேட்டிருந்தாய். மார்வின் கே பாடிய இரண்டு தனித்தனி டேக்குகளை, அதாவது ஒவ்வொரு முறை பாடிய பதிவுகளை, எஞ்சினியர் தவறுதலாக ஒன்றாக ஓடவிட்டார், மார்வினுக்கு அது பிடித்துப்போயிற்று, அப்படியே வைத்துக்கொண்டார். பதிவு செய்யும்போது ஒரே டேக்கை நகலெடுத்து ஒட்டாதே. சத்தம் கூடுமே தவிர இரண்டு குரல் ஆகாது. நகலைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் குரல் தகர டப்பாவுக்குள் இருப்பது போல் கேட்கும். முதல் டேக்கை முழுதாகப் பாடு. இரண்டாவதில் வரியின் கடைசிச் சொல்லை வேறு மாதிரி முடி, சில இடத்தில் பதில் சொல்வது போல் பிந்தி வா. அதில் எஸ், டி, கே ஒலிகளை மழுக்கிப் பாடு, இல்லாவிட்டால் இரண்டு டேக்கின் மெய்யெழுத்துகளும் முன்பின்னாக விழுந்து பொரியும். மிக்ஸில் இரண்டாவதை 3 அல்லது 4 டெசிபல் குறைத்து வை. மேடையில் இன்னொரு பெண் பாடட்டும். அவளுக்கும் அதே கட்டளை: உன்னைவிடச் சத்தம் குறைவு, முடிப்பு மட்டும் வேறு.

தொடக்கத்து நண்பர்களின் பேச்சுச் சத்தத்தை நீங்கள் நாடகமாக்கிவிட்டீர்கள். பதிவில் பேசியவர்கள் லெம் பார்னி, மெல் ஃபார் போன்றவர்கள், டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள். சாதாரண நலம் விசாரிப்பு, அவ்வளவே. மைக்கிலிருந்து நான்கு அடி தள்ளி நின்று உண்மையிலேயே பேசிக்கொள்ளுங்கள். சாக்ஸபோன் நுழைந்ததும் குறையுங்கள். ஈலை ஃபான்டெய்ன் வாசித்த அந்த ஆரம்ப வரி அவர் சும்மா கை சூடாக்க வாசித்தது, அதனால் உங்கள் ஆள் அதை அழுத்தாமல் ஊதினால் சரியாக வரும்.

கம்பெனி முதலாளி பெரி கார்டிக்கு இந்தப் பாட்டு பிடிக்கவில்லை, வெளியிட மறுத்தார். இதை வெளியிடாவிட்டால் வேறு எதையும் பாட மாட்டேன் என்று மார்வின் கே உட்கார்ந்துவிட்டார். 1971 ஜனவரியில் கார்டிக்குத் தெரியாமலே கம்பெனி ஆட்கள் வெளியிட, அது பில்போர்டு பட்டியலில் 2-வது இடம்வரை ஏறியது, சோல் இசைப் பட்டியலில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த மே மாதமே அதே பெயரில் முழு ஆல்பமும் வந்தது. உங்கள் மேலாளர் ‘இவ்வளவு மெதுவான பாட்டா’ என்று முகம் சுளித்தால் இதைச் சொல்.

கடைசியில் எப்படி நிறுத்துவது என்று குழம்பியிருக்கிறீர்கள். பதிவில் சத்தம் மெல்லக் குறைந்து மறைகிறது, மேடையில் அது நடக்காது. ஏ மைனர் செவனில் சுற்றிக்கொண்டே முதலில் டிரம்ஸ் நிற்கட்டும், நான்கு பார் (தாளச் சுற்று) கழித்துக் கீபோர்டு, பிறகு நீ. பேஸும் காங்கோவும் இன்னும் நான்கு பார் போய், பி லெவனுக்கு வந்து, பி ஸ்வரத்திலேயே நிறுத்தட்டும். ஈ-க்கு வந்து முடிக்காதீர்கள்.

அடுத்த ஒத்திகையை மெட்ரோனோம் போட்டுச் செய்யுங்கள். பேஸ், காங்கோ, குரல் மூன்றையும் தனித்தனி டிராக்காக அனுப்பு. தொண்டைக்கு வெந்நீர் குடி, ஒத்திகை நாளில் ஐஸ் காபி வேண்டாம்.

அன்புடன்,
அப்பா