அழைப்பிதழை இன்னும் அச்சுக்கு ஏற்றவில்லை

காரைக்குடியில் ஒரு வாரம் நாடகமும் கேபரேயும் நடத்தவிருக்கும் விழாக் குழுவினருக்கு,

வணக்கம்.

நீங்கள் கொடுத்தனுப்பிய அழைப்பிதழ் மாதிரி ஐந்து நாளாக என் மேசையில் கிடக்கிறது. புரூஃப் ஏன் வரவில்லை என்று உங்கள் ஆள் தினமும் போன் செய்கிறார். மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவைத்தேன். அது பொய். மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, எனக்குத்தான் கை வரவில்லை. போனில் சொன்னால் சண்டையாகிவிடும். நேரில் வந்தால் காபி கொடுத்து உட்காரவைத்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் ஊரறிய எழுதிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளின் முகப்பையும் பட்டாலை என்கிற கூடத்தையும் திறந்து, மார்கழியில் ஏழு நாள் விளக்கேற்றி நாடகம் போடுவது சின்ன காரியமில்லை. நவீன நாடகக் குழுக்கள் வருகின்றன, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு மேடை கிடைக்கிறது, குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம் இருக்கிறது. வியாழனும் சனியும் ‘கேபரே இரவு’. எல்லாம் சரி. என் தகராறு நான்காம் நாளில் இருக்கும் ஒரே ஒரு வரியோடு: ‘மாலை 5.15 முதல் 6.00 வரை கிராமியக் கலை: வள்ளி திருமணம் (ஒரு பகுதி) – ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள்.’

அழைப்பிதழில் மற்ற எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. ஒலி அமைப்பு செய்பவருக்கும் இருக்கிறது. இவர்களுக்கு மட்டும் இல்லை. கூடவே கலைஞர்களுக்கான விதிமுறை என்று ஒரு தாள். ஸ்கிரிப்டை மூன்று வாரம் முன்னதாக அனுப்ப வேண்டும். முந்தைய நாள் ஒத்திகைக்கு வர வேண்டும். பபூன், டான்ஸ் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும். போக்குவரத்து அவரவர் பொறுப்பு. இந்த நான்கையும் எழுதியவர், விடியவிடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் ஒன்றைக்கூடக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன்.

எங்கள் அச்சகம் அப்பா காலத்தில், காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மெஷினில் தொடங்கியது. கல்யாணப் பத்திரிகை, சாந்திப் பத்திரிகை எல்லாம் ஒரு பக்கம். மாசி பிறந்துவிட்டால் ஆடி வரைக்கும் நாடக நோட்டீஸ்தான் சோறு போட்டது. ரோஸ் தாள், மஞ்சள் தாள். மேலே அம்மன் துணை, அப்புறம் ஊர், தேதி, இரவு 10 மணி, நாடகத்தின் பெயர். அதன் கீழே வரிசை ஆரம்பிக்கும்: ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), நாரதர், பபூன் (கோமாளி), டான்ஸ் (பபூனோடு ஆடுகிற பெண்), ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (மற்றத் தாளக் கருவிகள்). ஒவ்வொருவருக்கும் போட்டோ பிளாக், ஊர், பெயர், பட்டம். வரிசை மாறினால் தகராறு, போட்டோ அளவு குறைந்தால் தகராறு. நான் பையனாக இருந்தபோது ஒரு நோட்டீஸில் இடம் போதாமல் ‘டான்ஸ்’ என்று மட்டும் கோத்துவிட்டுப் பெயரை விட்டுவிட்டேன். மறுவாரம் அந்த அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அச்சகத்துக்கு வந்தார். “மைக் செட், ட்யூப்லைட், டான்ஸ்னு போட்டிருக்கியே தம்பி, நான் என்ன வாடகைச் சாமானா?” என்றார். அப்பா அவருக்கு மோர் கொடுத்து, எனக்கு அறை கொடுத்தார். உங்கள் அழைப்பிதழைப் பார்த்ததும் அந்த அறை விழுந்த கன்னம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, ஸ்பெஷல் என்றால் என்ன ஸ்பெஷல்? இது கம்பெனி நாடகமில்லை. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகத் தேதி கேட்டுப் பேசிப் பிடிப்பார்கள். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, பபூன் திண்டுக்கல்லிலிருந்து. டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது. பந்தலுக்குப் பின்னால் பவுடர் போடும்போதுதான் “இன்னிக்கு நீங்கதானா அண்ணே வேலன்?” என்று கேட்டுக்கொள்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்துவிட்டுப் போன பாட்டும் வசனமும் அத்தனை பேருக்கும் மனப்பாடம். அந்த ஒரு மூலதனத்தை வைத்துக்கொண்டு, முன்பின் பழகாத இரண்டு பேர் விடியவிடிய மோதுவார்கள். மோதல் என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார், எந்த இடத்தில் மடக்குவார் என்று இருவருக்குமே தெரியாது. இவர்களை முந்தின நாள் ஒத்திகைக்கு வரச் சொல்வது, சேவல் கட்டுக்கு முன்னால் சேவல்களைப் பழகவிடுகிற மாதிரி.

பல வருஷத்துக்கு முன் கல்லல் பக்கம் ஒரு பங்குனி இரவு. வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கினார்கள். இல்லறமா துறவறமா என்று ஆரம்பித்தது எங்கெங்கோ போயிற்று. வள்ளி வேடம் கட்டிய பெண்ணுக்கு வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். நாரதர் அவள் அப்பா வயசு, பெரிய பெயர்க்காரர். முதல் அரை மணி நேரம் அந்தப் பெண் அடங்கித்தான் பேசினாள். நாரதர் கொஞ்சம் அலட்சியமாக இருந்துவிட்டார். ஒரு மணி வாக்கில் அவள் ஒரு கேள்வி போட்டாள். பெண் வேண்டாம், பந்தம் வேண்டாம் என்கிற சாமி, இன்னொருத்தருக்குப் பெண் கேட்டு இந்தக் காட்டுக்குள் எதற்கு அலைகிறீர் என்று. கூட்டம் எழுந்துவிட்டது. நாரதர் வாயைத் திறந்தார், மூடினார். ஹார்மோனியக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு ஒரு ராகத்தை இழுத்து வாசித்து அவருக்கு மூச்சு விட நேரம் கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர், “இப்பத்தான்யா நாடகம் ஆரம்பிக்குது” என்றார். மணி அப்போது ஒன்றே கால். உங்கள் நாற்பத்தைந்து நிமிடத்தில் அவள் இன்னும் அடங்கித்தான் பேசிக்கொண்டிருப்பாள்.

இந்த ஊருக்குக் கேட்கப் பொறுமை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து வருஷா வருஷம் கம்பன் விழாவில் பட்டிமண்டபம் கேட்டு வளர்ந்த ஊர் இது. தர்க்கம் இந்த ஊருக்குப் பிடித்த பண்டம்.

இப்போது கேபரேக்கு வருகிறேன். நம் ஆட்களுக்குக் கேபரே என்றால் பழைய சினிமாவில் வில்லனின் கிளப்பில் நடக்கும் ஆட்டம். உங்கள் குறிப்பில் அப்படி இல்லை, நியாயமாகவே எழுதியிருக்கிறீர்கள். 1881-இல் பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் ரோடால்ஃப் சாலிஸ் என்பவர் திறந்த ‘கறுப்புப் பூனை’ மதுக்கூடத்தில் ஆரம்பித்து, பாட்டு, கவிதை, நிழற்பொம்மை, அரசியல் கேலி, வந்த விருந்தாளியையே கிண்டலடிக்கும் நிகழ்ச்சி நடத்துநர் என்று விளக்கியிருக்கிறீர்கள். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஐயா, இது எங்கள் பபூன்!

இரவு பத்து மணிக்கு முன்திரைக்கு முன்னால் தனியாளாக வந்து நிற்பார். ஒரு பாட்டு. பிறகு மைக் செட்காரரில் ஆரம்பித்து, அன்பளிப்பாக நூறு ரூபாய் கொடுத்துவிட்டு மூன்று தடவை பெயரை வாசிக்கச் சொல்லும் பெரிய மனிதர், உள்ளூர்த் தலைவர், கேஸ் சிலிண்டர் விலை, சொந்தப் பெண்டாட்டி என்று ஒருவரையும் விடமாட்டார். அப்புறம் டான்ஸ் பாத்திரம் சுற்றிச் சுழன்று ஓடி வரும், கதைப்படி நடுரோட்டில் இருவரும் இடித்துக்கொள்வார்கள். யார் மேல் தப்பு என்று சண்டை, சண்டையிலிருந்து ஆட்டம், ஆட்டத்திலிருந்து காதல். இரண்டு மணி நேரம் இந்த ஜோடிதான் கூட்டத்தைக் கட்டிப்போட்டு ராஜபார்ட் கையில் ஒப்படைக்கும். அந்தப் பெண்ணின் தொழில் சுலபமென்று நினைக்காதீர்கள். ஆயிரம் ஆண்கள் பார்க்க நின்று, பபூன் எந்த வார்த்தை வரை போகலாம், எங்கே வெட்ட வேண்டும் என்று நொடிக்கு நொடி கணக்குப் போடுவாள். மேடையில் அவள் அவனை வெட்டிப் பேசும்போது பெண்கள் பக்கம் எழும் சிரிப்பை நீங்கள் கேட்டதில்லை.

இந்த ஜோடியை ஆபாசம் என்று வெட்டிவிட்டு, அதே வாரத்தில் டிக்கெட் போட்டு வெளியூர்க் கேபரே நடத்துகிறீர்கள். இடுப்பு ஒன்றுதான். வளவுக்குள், அதாவது பெரிய வீட்டு முற்றத்தில், ஆடினால் கலை, பொட்டலில் ஆடினால் போலீஸா? ஒத்துக்கொள்கிறேன், எல்லா ஜோடியும் அளவோடு நிற்பதில்லை. நானே ஒருமுறை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பாதியில் எழுந்து வந்திருக்கிறேன். ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளை நிபந்தனை மேல் நிபந்தனை போட்டு அனுமதி தருவதும் காரணமில்லாமல் இல்லை. ஆனால் மோசமான கச்சேரி கேட்டோம் என்பதற்காக யாரும் பாட்டையே விழாவிலிருந்து நீக்குவதில்லையே. நல்ல ஜோடியாகப் பார்த்துக் கூப்பிட வேண்டியதுதான். யாரென்று தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கள், நாற்பது வருஷ நோட்டீஸ் என்னிடம் இருக்கிறது.

ஸ்கிரிப்ட் விஷயம். வெள்ளைக்காரன் 1876-இல் நாடகங்களுக்குக் கட்டுப்பாடு போட்டுச் சட்டம் கொண்டுவந்தான். நாடக நடிகர் விஸ்வநாததாஸ் வள்ளி திருமண மேடையில் வெள்ளைக்காரனைக் கொக்கு என்று பாடிச் சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. சுதந்திரம் வந்த பிறகும் 1954-இல் நம் அரசே ஒரு நாடகச் சட்டம் போட்டது. கதை வசனத்தைப் போலீஸிடம் காட்டி அனுமதி வாங்குகிற நிலை தொடர்ந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. போலீஸே கேட்க முடியாமல் போனதை நீங்கள் கேட்கிறீர்கள். கொடுக்கலாம் என்றாலும் அவர்களிடம் என்ன இருக்கிறது? இன்றைக்குப் பபூன் பேசப்போவது இன்றைக்குக் காலை பஸ்ஸில் அவர் படித்த பேப்பர்.

நேரத்தைப் பற்றி நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. உண்மைதான். ஆனால் கலை, பண்பாடு, சமய விழாக்களுக்கு வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு பன்னிரண்டு வரை தளர்த்த அரசுக்கு அதிகாரம் இருப்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. அதற்குள் வருகிறதா என்று விசாரித்து மனுப் போடுங்கள். நான் விடிய விடியக் கேட்கவில்லை. ஏழு மணிக்குப் பபூன், பன்னிரண்டுக்கு மங்களம். ஐந்து மணி நேரம். தளர்வு கிடைக்கவில்லை என்றால் பெரிய கல்யாண மண்டபம் ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு நடத்துங்கள், மூடிய அரங்குக்கு விதியில் விலக்கு இருக்கிறது. பொட்டலின் ருசி வராது, ஆனால் தர்க்கம் பிழைத்துக்கொள்ளும்.

தேதியும் உங்களுக்குச் சாதகம்தான். மார்கழியில் அவர்களுக்கு நாடகம் அநேகமாக இருக்காது. பங்குனியில் ஒரு நல்ல ராஜபார்ட்டின் தேதி கிடைக்க நாயாய் அலைய வேண்டும். இப்போது கூப்பிட்டால் வருவார்கள். அதற்காகச் சம்பளத்தைக் குறைத்துப் பேசாதீர்கள், சீசன் சம்பளத்தையே கொடுங்கள். கேபரே குழுவுக்கு மதுரை ஏர்போர்ட்டிலிருந்து கார் என்றால், இவர்களுக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு வேனாவது வேண்டாமா? அப்புறம், ஒப்பனைக்கு உள்தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை, பக்கத்தில் கழிப்பறை. எத்தனை ஊரில் பந்தலுக்குப் பின்னால் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்கள் உடை மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். நாற்பது அறையுள்ள வீட்டில் இரண்டு அறை திறந்துவிட்டால் போதும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் குப்பையில் போடும் தாளையெல்லாம் சேர்த்து வைத்தவர். அந்தச் சேகரிப்புத்தான் இப்போது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. பழைய நாடகங்களைத் தேடி ஆட்கள் அங்கே போகிறார்கள். உங்கள் அழைப்பிதழும் ஒருநாள் அப்படி யாராவது கையில் கிடைக்கலாம். அவர்கள் நான்காம் நாளைப் பார்த்தால் என்ன தெரிந்துகொள்வார்கள்?

புரூஃபை இந்த மடலோடு அனுப்புகிறேன். நான்காம் நாளை மட்டும் என் இஷ்டத்துக்குக் கோத்திருக்கிறேன். நேரத்தை அடித்து ‘இரவு 7 மணி’ என்று போட்டிருக்கிறேன், ‘கிராமியக் கலை’யை எடுத்துவிட்டேன். ராஜபார்ட்டிலிருந்து ஆல்ரவுண்ட் வரைக்கும் எட்டுப் பேருக்குப் பெயருக்கும் போட்டோவுக்கும் இடம் விட்டிருக்கிறேன். டான்ஸுக்கும் பபூனுக்கும் ராஜபார்ட் அளவிலேயே கட்டம். இதனால் ஒரு பக்கம் கூடுகிறது, அதற்குக் காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எட்டுப் பெயரையும் அனுப்பினால் சனிக்கிழமை காலையில் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
நாடக நோட்டீஸ் அடித்த ஒருவன்,
காரைக்குடி