ஆமை ஓட்டில் எந்தக் கோடுகளை எண்ணுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நன்னீர் ஆமைப் புதைபடிவங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: ‘ஓட்டிலுள்ள கோடுகளை எண்ணினாலே ஆமை எந்த இனம் என்று சொல்லிவிடலாம்.’ படித்த நாளிலிருந்து உறுத்துகிறது. எந்தக் கோட்டை? ஆமை ஓட்டில் இரண்டு வகைக் கோடுகள் உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல.

உயிருள்ள ஆமையில் எலும்புத் தகடுகளின் மேல் நகம் போன்ற செதில்கள் படர்ந்திருக்கும். புதைந்தபின் செதில் மக்கிவிடும். அதன் விளிம்பு பதிந்த பள்ளம் மட்டும் எலும்பில் தங்கும். எலும்பும் எலும்பும் சேரும் பொருத்து வேறு, இந்தப் பள்ளம் வேறு. துண்டைப் புரட்டிப் பார்த்தாலே தெரியும். பொருத்து ரம்பப்பல் போல் நெளிந்து, எலும்பின் தடிமன் முழுக்க ஊடுருவி உட்புறத்திலும் தெரியும். பள்ளமோ மேற்பரப்போடு நின்றுவிடும். பொருத்தில் பிரிந்த விளிம்பில் முளையும் குழியும் இருக்கும். உடைந்த விளிம்பில் பஞ்சு போன்ற உள்ளெலும்பு வெளியே தெரியும். இதைப் பார்க்காமல் உடைப்பைப் பொருத்தாகக் கொண்டால், இல்லாத தகடு ஒன்று கணக்கில் ஏறிவிடும்.

சரியாகவே எண்ணினாலும் இனம் கிடைக்காது. நடுமுதுகில் 5 செதில்கள், பக்கத்துக்கு 4 செதில்கள், பக்கத்துக்கு 8 விலாத் தகடுகள் என்பது பல குடும்பங்களுக்குப் பொதுவான கணக்கு. ஒரே இனத்திலேயே ஒரு செதில் கூடுதலாகப் பிறக்கும் ஆமைகளும் உண்டு. பாலாமை சேர்ந்த மென்னோட்டுக் குடும்பத்துக்குச் செதிலே கிடையாது. அதன் எலும்பில் இருப்பவை குழிகளும் மேடுகளும்தான். அங்கே எதை எண்ணுவது?

பார்க்க வேண்டியவை வேறு. முதுகெலும்பு வரிசைத் தகட்டின் வடிவம் என்ன, அது எந்த விலாத் தகட்டைத் தொடுகிறது? அடியோட்டின் முன்பகுதியில் உள்ள ஒற்றை எலும்பை எந்தச் செதில் பள்ளம் கடக்கிறது? அடியோட்டின் கடைசி எலும்பின் உட்புறத்தில் இடுப்பெலும்பு ஒட்டிய தழும்பு இருக்கிறதா? இருந்தால் அது கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கும் ஆமை. இன்று இந்தியாவில் அந்த வகை ஒன்றுகூட இல்லை. ஆனால் அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில், டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டப் படிவுகளில் கிடைத்த குர்மடெமிஸ் கல்லமெடென்சிஸ் அந்த வகைதான். 2001-இல் பெயரிட்டபோது அதை அழிந்துபோன போத்ரெமிடிடே குடும்பத்தில் சேர்க்க உதவியது மண்டையோடு. ஓட்டுத் துண்டு மட்டும் கிடைத்திருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் மனத்தை வருத்துகிறது.

இது முதல் தடவையும் அல்ல. ஆமையின் பேரினம், அதாவது அறிவியல் பெயரின் முன்பாதி, மாறிய செய்திக்கு முன்பு ‘விஞ்ஞானிகள் செய்த பிழை’ என்று தலைப்பிட்டீர்கள். மகாராஷ்டிரத்துப் பிஸ்துரா ஆமைக்கு 1977-இல் ஷ்வெபோவெமிஸ் பிஸ்துரென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். 2020-இல் அது ஜைனெமிஸ் பிஸ்துரென்சிஸ் ஆனது. பின்பாதிப் பெயரும், பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியும் அப்படியே இருக்கின்றன. உறவுமுறை தெளிவானதும் பேரினம் மாறுவது முறையான வேலை. அதைப் பிழை என்பது அந்த உழைப்பை அவமதிப்பது. பம்பாய்ப் புதைபடிவ ஆமை ஒன்றுக்கு 1852-இல் கார்ட்டர் என்ற ஆய்வாளர் ‘டெஸ்டுடோ லீதியை’ என்று பெயரிட்டார். 1869-இல் உயிரோடிருக்கும் எகிப்திய ஆமைக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். முந்தியதுக்கே உரிமை என்ற விதியால் எகிப்திய ஆமை அந்தப் பெயரை இழந்து, இன்று டெஸ்டுடோ கிளைன்மன்னை ஆகியிருக்கிறது. பம்பாய் ஆமையும் பிற்பாடு கார்ட்டெரெமிஸ் என்ற பேரினத்துக்குப் போனது. ஆனாலும் 1852-இல் வைத்த பெயருக்குள்ள முன்னுரிமை போகவில்லை. பெயர் விதி அவ்வளவு கறாரானது.

அதற்கும் முன்னால், கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள ஓட்டின் வயதை ‘கார்பன் டேட்டிங்’ மூலம் கண்டதாக எழுதினீர்கள். அந்த முறை ஏறக்குறைய 50,000 ஆண்டுக்கு மேல் செல்லாது. சென்ற இதழ்க் கட்டுரைக்கோ துடுப்புக் கால்களோடு நீந்தும் கடலாமைப் படம்! பெரும்பாலான நன்னீர் ஆமைகளுக்கு விரலும் நகமும் உள்ள கால் என்பதைப் படம் தேர்ந்தவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். குட்டியின் ஓட்டில் விலாக்களுக்கிடையே இருக்கும் இடைவெளிகள் வளர வளர மூடிவிடும் என்பதும், ஸ்டூபெண்டெமிஸ் என்ற அழிந்துபோன ராட்சத நன்னீர் ஆமையில் ஆண் ஓட்டின் முன்விளிம்பில் கொம்பு இருந்ததாக ஆய்வாளர்கள் 2020-இல் விளக்கியதும் சொல்லப்படவில்லை. குட்டி, ஆண், பெண் மூன்றுக்கும் மூன்று இனப் பெயர் வைக்கும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நான் கேட்பது சிறிய விஷயம். அடுத்த இதழில் ‘கோடுகள்’ என்ற வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இனி ஓட்டுத் துண்டின் படம் வெளியிட்டால் வெளிப்புறம், உட்புறம் இரண்டையும் சென்டிமீட்டர் அளவுகோலோடு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்