ஆ மா

ஆயர் ஈத்தாம், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ வந்ததும் உன் மகள் குட்டி அதைப் பிடுங்கிக்கொள்கிறாள். உன் முகத்துக்கு முத்தம் கொடுத்துத் திரையெல்லாம் எச்சில். அவள் தூங்கிய பிறகு பேசலாம் என்றால் உனக்கு வார்டில் வேலை, எனக்குப் பக்கத்தில் உங்கம்மா. உங்கம்மா பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீ கேட்டதற்கெல்லாம் பதில்.

எடை. வெள்ளிக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினேன், பிறகு இறக்கிவிட்டுத் தனியாக ஏறினேன். கழித்துப் பார்த்தால் பத்தரைக் கிலோ. பதினெட்டாம் மாத ஊசிக்குக் கிளினிக்குக்குப் போனபோது 10.1 கிலோ, உயரம் 80 சென்டிமீட்டர். மிஸ்ஸி, அதுதான் அங்கே உள்ள நர்ஸ், புத்தகத்தில் புள்ளி வைத்து, நடுக்கோட்டை ஒட்டித்தான் போகிறாள் என்று காட்டினார். அந்த வயதுப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு 10.2 கிலோ. அது வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் போட்ட கணக்கு என்று உங்கம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், அதனால் அதையும் விசாரித்தேன். உலகச் சுகாதார நிறுவனம் ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து 2006-இல் வெளியிட்ட கணக்கு அது. அந்த ஆறில் இந்தியாவும் ஒன்று.

"இளைத்துவிட்டாளே அப்பா" என்று நீ கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இளைக்கவில்லையம்மா. முதல் வருடம் மூன்று கிலோ குழந்தை ஒன்பது கிலோவாகிறது. இரண்டாம் வருடம் முழுவதும் சேர்த்தே இரண்டரைக் கிலோதான் ஏறும். நாள் பூராவும் நடக்கிறாள், ஏறுகிறாள், நாற்காலியை இழுத்துப் போட்டு அலமாரியைத் திறக்கிறாள். தொப்பை வற்றிக் கால் நீண்டிருக்கிறது, அதைத்தான் நீ பார்க்கிறாய்.

சாப்பாட்டில் ஒரு தவறு நடந்தது, நம் வீட்டில்தான். ஒரு மாதமாகச் சோற்றைக் கண்டால் வாயை மூடிக்கொண்டாள். பட்டினியாகத் தூங்க வைக்க மனம் வராமல் உங்கம்மா பாட்டிலில் பால் கொடுத்துவிடுவாள். அப்படி ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து பாட்டில் ஆகிவிட்டது. மிஸ்ஸி அதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு எப்படி இறங்கும், பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு, இப்படியே விட்டால் ரத்தசோகைதான் வரும் என்றார். அன்றே பாட்டிலை எடுத்து மேல் அலமாரியில் வைத்தேன். இப்போது காலையில் ஒரு கப், இரவில் ஒரு கப், அவ்வளவுதான். முதல் நான்கு நாள் வீடே இரண்டுபட்டது. பத்தாம் நாள் ரசம் சோற்றில் நெத்திலியை உதிர்த்துப் போட்டதற்குத் தானே கிண்ணத்தை நீட்டி இன்னும் கேட்டாள். உங்கம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

பல் பதினாறு. கோரைப்பல் நான்கும் வந்துவிட்டது. இரண்டு வாரம் இரவில் எழுந்து அழுதது அதற்குத்தான், இப்போது விடியும் வரை தூங்குகிறாள். பதினெட்டாம் மாத ஊசி போட்ட இரவு மட்டும் காய்ச்சல் அடித்தது, மறுநாள் இறங்கிவிட்டது.

போன ஞாயிறு தண்ணீர்மலைக்கு அழைத்துப் போனோம். கோயிலுக்கு 500-க்கு மேல் படி இருக்கிறதே, கீழேயே கும்பிட்டுவிட்டுப் பூங்கா பக்கம் போகலாம் என்றிருந்தேன். படியைப் பார்த்ததும் என் விரலைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்துவிட்டாள். வலது காலை வைப்பாள், இடது காலைக் கொண்டுவந்து அதே படியில் சேர்ப்பாள், நின்று என்னை நிமிர்ந்து பார்ப்பாள், பிறகு அடுத்த படி. கால் மாற்றி மாற்றி ஏற இன்னும் ஒரு வருடமாவது ஆகும், இந்த வயதுக்கு இதுதான் சரி. இருபத்திரண்டு படி, எண்ணினேன். இருபத்து மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டாள். இறங்கும்போது தூக்கப் போனால் கையைத் தட்டிவிட்டு, திரும்பிக் குப்புறப் படுத்து, காலால் அடுத்த படியைத் தேடித் தேடி, வயிற்றாலேயே இறங்கினாள். சட்டை முன்பக்கமெல்லாம் மண். மலையேறி வந்த சனங்கள் நின்று வழிவிட்டார்கள். பதினான்காவது மாதம் வரை நடக்கவில்லை என்று நீ எத்தனை இரவு அழுதாய், ஞாபகம் இருக்கிறதா? எட்டு மாதத்தில் நடக்கிற குழந்தையும் உண்டு, பதினேழு மாதத்தில் நடக்கிற குழந்தையும் உண்டு, இரண்டும் சரிதான் என்று அப்போதே உன்னிடம் சொல்ல எனக்குத் தெரியாமல் போயிற்று.

இனி பேச்சு. உன் கூட வேலை செய்பவரின் பிள்ளை வாக்கியமாகப் பேசுகிறது, இவள் பேசவில்லை என்றாயே, அதிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஃபேக்டரியில் முப்பது வருடம் அளந்து எழுதிய கை, சும்மா இருக்காது. இன்று வரை 43 வார்த்தை. இரண்டு வயதுக்கு ஐம்பது என்பது பொதுவான கணக்கு. நீ எங்கே தவறவிட்டாய் என்றால், தமிழை மட்டும் எண்ணினாய். அவளிடம் "பா", "ண்ணி", "காக்கா", "பூ", "வா" இருக்கிறது. கீழ்வீட்டுப் பிள்ளைகளிடம் பிடித்த மலாய் இருக்கிறது, "நா" என்றால் வேண்டும், "ஜாத்தோ" என்றால் விழுந்துவிட்டது. "பை பை", "பால்" என்று இங்கிலீஷும் இருக்கிறது. இதில் "பால்" பந்து, "பா"தான் குடிக்கிற பால். இரண்டையும் அவள் குழப்பிக்கொள்வதே இல்லை, நாங்கள்தான் குழம்புகிறோம். எந்த மொழியாக இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று மிஸ்ஸி சொன்னார்.

செவ்வாய்க்கிழமை டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, தரையைக் காட்டி, "ண்ணி ஜாத்தோ" என்றாள். தண்ணீர் விழுந்துவிட்டது. இரண்டு வார்த்தை, ஒன்று தமிழ், ஒன்று மலாய், சேர்த்துச் சொன்ன முதல் பேச்சு. நேரத்தைக்கூட எழுதி வைத்திருக்கிறேன், காலை 10.20. குழப்பம் வேண்டாம், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று இனிமேல் சொல்லாதே. நாங்கள் தமிழில்தான் பேசுவோம். மற்றதெல்லாம் இந்த ஊரே கற்றுக்கொடுத்துவிடும்.

காதும் நன்றாகக் கேட்கிறது. பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறாள். பதினெட்டாம் மாதம் கிளினிக்கில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். விரல் நீட்டிக் காட்டுகிறாளா, பெயர் சொன்னால் பார்க்கிறாளா என்றெல்லாம் கேட்டிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. ஜன்னல் கம்பியில் காக்கா உட்கார்ந்தால் விரலை நீட்டுவாள், உடனே திரும்பி நாம் பார்க்கிறோமா என்று பார்ப்பாள். நாம் பார்க்கும்வரை அந்த விரல் இறங்காது.

சரி, இப்போது அந்த விஷயம்.

மூன்று வாரமாகக் குட்டி உங்கம்மாவை "மா" என்று கூப்பிடுகிறாள். முதல் நாள் உங்கம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "பாட்டி, பாட்டி சொல்லு" என்று கன்னத்தைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அது "மா" என்றே சொல்லிற்று. அன்றிரவு சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்று அழுதாள். பெற்றவளுக்குச் சேர வேண்டியதை நான் எடுத்துக்கொண்டேனே என்றாள். உன்னிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. நீ போனில் வரும்போது அவள் சமையலறைக்குப் போய்விடுகிறாளே, வேலை ஒன்றும் இல்லை. உன் காது கேட்கக் குட்டி அவளை அப்படிக் கூப்பிட்டுவிடக் கூடாது என்றுதான் போகிறாள்.

நான் கூர்ந்து கவனித்தேன். பக்கத்து வீட்டுச் சீன ஆண்டியின் பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் "ஆ மா, ஆ மா" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் கதவைத் தட்டுவார்கள். அவர்கள் பேசும் ஹொக்கியன் சீனத்தில் பாட்டிக்கு அதுதான். குட்டி சொல்வதும் அப்படித்தான் நீளுகிறது. நம் வாயில் "ஆமா" என்றால் சரி என்று அர்த்தம், பக்கத்துக் கதவில் அதுவே பாட்டி, இந்தச் சின்னத் தலைக்குள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது. நான் சொல்லியும் உங்கம்மா நம்பவில்லை, ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்கிறாள்.

அதனால் புதன்கிழமை அவள் எதிரிலேயே குட்டியிடம் கேட்டேன், "அம்மா எங்கே?" பாட்டி மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். இறங்கினாள். செருப்பு அலமாரிக்குப் போய், நீ சீனப்புத்தாண்டு லீவுக்கு வந்தபோது விட்டுப்போன நீலச் செருப்பை இரண்டு கையாலும் எடுத்து வந்து கதவருகே வைத்தாள். பிறகு சார்ஜில் கிடந்த போனைக் காட்டினாள். "அம்மா" என்றாள். நடுவில் அழுத்தி, குட்டையாக. "ஆ மா" இல்லை.

உங்கம்மாவுக்கு அன்று மனம் ஆறியது. எனக்கு ஆறவில்லை. அம்மா யார் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. எங்கே என்றால் போனுக்குள் என்று நினைத்திருக்கிறாள்.

போன மாதம் நீ, இரண்டு வயதில் அழைத்துப் போவதாகச் சொன்னதை மாற்றி, மூன்று வயது வரை இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டாய். வீட்டு வாடகை, ஷிஃப்ட், மாப்பிள்ளைக்கும் இரவு வேலை, எல்லாம் எனக்குப் புரிகிறது. உங்கம்மா உடனே சரி என்றாள். அவளால் அதைத் தவிர வேறு சொல்ல முடியாது, குட்டியைப் பிரிந்து இருக்கவும் முடியாது. நான் சொல்கிறேன், வேண்டாம். ஜனவரியில் அழைத்துப் போ. முன்பு பேசியது போலவே. தேவைப்பட்டால் முதல் மூன்று மாதம் நாங்கள் இருவரும் வந்து உன்னோடு தங்குகிறோம். குட்டி பகலில் விடும் இடத்துக்குப் பழகும்வரை நானே கொண்டுபோய் விட்டு அழைத்து வருகிறேன். என்னிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது, வாடகைக்கு அது கொஞ்ச நாள் தாங்கும். அவள் போனால் இந்த வீடு எனக்கு எப்படி இருக்கும் என்பதை நீ கணக்கில் சேர்க்காதே.

நீ அவளை விட்டுப் போனதற்காக இதை எழுதவில்லையம்மா. எந்தக் கஷ்டத்தில் போனாய் என்று எங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு வரும்போது இரண்டு நாள் இல்லாமல் ஒரு வாரமாக வா. முதல் நாள் உன்னிடம் வராமல் பாட்டி முந்தானைக்குள் ஒளிந்தாலும் மனம் உடைந்துவிடாதே. தரையில் உட்கார்ந்திரு, அவளாக வருவாள். அந்த நீலச் செருப்பைப் போட்டுக்கொள்.

தீபாவளிக்குச் சப்பாத்து வாங்க அளவு கேட்டாயே. இதோடு வைத்திருக்கும் தாளில் அவளை நிறுத்திப் பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்திருக்கிறேன். விரல் நுனிக்கு முன்னால் அரை அங்குலம் இடம் விட்டு வாங்கு, அடி மெத்தென்று வளைய வேண்டும். வலது பாதத்தில் சுண்டுவிரல் இரண்டு முறை விழுந்திருக்கிறது, கூச்சத்தில் அசைந்துவிட்டாள். இடதுதான் சரியான அளவு.

அப்பா