மாமா பாதியில் நிறுத்தும் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்கத் தமிழர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்கள் யார் தயவும் இல்லாமல் சொந்த உழைப்பால் உயர்ந்தார்கள் என்று முடித்திருந்தீர்கள். எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. 1997ல் ஒரு கோயில் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க டர்பன் வந்தவன், அங்கே இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டேன். நீங்கள் எழுதிய அந்த வரியை என் மாமனார் வாயால் கேட்டுக் கேட்டுப் பழகியவன். பெருமைக்காகச் சொல்வதோடு அது நின்றுவிடுவதில்லை. தேர்தல் வந்தால் இங்கே அந்த வரிதான் ஓட்டுப் போடுகிறது.

அமெரிக்காவில் 1980களிலிருந்து தேர்தல் கருத்தாய்வுகளில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். ஐரிஷ்காரர்கள், இத்தாலியர்கள், யூதர்கள் எல்லாரும் வெறுப்பைத் தாண்டி உழைத்து முன்னேறினார்கள், கறுப்பர்களும் சலுகை எதுவும் கேட்காமல் அப்படியே செய்யட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? டொனால்ட் கிண்டர், லின் சாண்டர்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள், இந்த மாதிரி கேள்விகள் கறுப்பர்கள் மேலுள்ள இனக்கசப்பை அளப்பவை என்று எழுதினார்கள். இதற்கு வெள்ளையர் ஒருவர் சொல்லும் பதிலைப் பார்த்தால் அவர் எந்தக் கட்சிப் பக்கம், அரசு உதவித்தொகை பற்றி என்ன நினைக்கிறார் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாமாம். இதில் இனக்கசப்பு எங்கே வந்தது, உழைப்பை நம்புகிறவன் அப்படித்தானே சொல்வான் என்று மறுப்பவர்களும் அங்கே உண்டு. சரி, அது அவர்கள் பாடு. நான் ஐரிஷ்காரர்களை எடுத்துவிட்டு ‘நம்ம ஆளுங்க’ என்று போட்டு மாமாவிடம் படித்துக் காட்டினேன். “ஹண்ட்ரட் பர்சென்ட். யார் எழுதினது, டர்பன்காரனா?” என்றார்.

மாமா 1943ல் டர்பனை ஒட்டிய கேட்டோ மேனரில் பிறந்தவர். அவர் அப்பாவுக்கு அங்கே காய்கறித் தோட்டம். தோட்டத்து ஓரமாகத் தகரக் குடிசைகள் போட்டு ஜூலு இனக் கறுப்பர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். 1949 ஜனவரியில் கறுப்பர்கள் இந்தியர்களைத் தாக்கியதில் மூண்ட கலவரத்தில் டர்பனில் 142 பேர் செத்தார்கள். செத்தவர்களில் கறுப்பர்களே அதிகம் என்பது மாமாவுக்கு நான் சொல்லித்தான் தெரியும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் எரிந்த தன் வீடு. அப்போது அவருக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை.

வீட்டைத் திரும்பக் கட்டினார்கள். கட்டிய வீட்டையும் தோட்டத்தையும் பிடுங்கியது, நிறவெறி ஆட்சி நடத்திய வெள்ளையரின் நேஷனல் கட்சி அரசாங்கம். அது 1950ல் கொண்டுவந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என்றாகி, 1960களில் குடும்பத்தையே லாரியில் ஏற்றி சாட்ஸ்வொர்த்தில் இறக்கினார்கள். அந்தக் கோபத்தில், 1984ல் நாடாளுமன்றத்தில் இந்தியருக்கென்று தனி அவை கொடுத்தபோதும் மாமா ஓட்டுப் போடப் போகவில்லை. பிறகு 1994 வந்தது. எல்லா இனத்தாரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல், மண்டேலா நின்ற தேர்தல். மாமா யாருக்குப் போட்டார் தெரியுமா? அதே நேஷனல் கட்சிக்கு. அவர் மட்டுமா, டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்து இந்தியர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் போட்டார்கள். காரணம் கேட்டால், “வெள்ளைக்காரன் நிலத்தைத்தான் எடுத்தான், உயிரை எடுக்கலையே” என்பார். இதற்கு மேல் அவரிடம் நான் பேசுவதில்லை. அன்றைக்கு என் மனைவிக்குச் சமையல் நன்றாக அமைந்திருந்தால் பேச்சைச் சாப்பாட்டுக்குத் திருப்பிவிடுவோம்.

உழைத்தார்கள் என்பதில் பொய்யில்லை. காசு காசாகச் சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் இவர்கள். ஆனால் பக்கத்துக் குடிசைக்காரன் கறுப்பர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டான பாஸ் புத்தகம் இல்லாமல் தெருவில் இறங்கினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும், மாமாவின் அப்பாவை அப்படி யாரும் பிடித்ததில்லை. அவர் குடிசை வாடகைக்கு விட முடிந்ததும், அவன் வாடகைக்கு இருக்க வேண்டியிருந்ததும் ஒரே சட்டங்களால்தான். உங்கள் கட்டுரையில் இந்த இடம் இல்லை.

இன்றைய வருத்தங்களை நான் இல்லை என்று சொல்லவில்லை. என் மைத்துனர் மகன் ஆறு பாடத்தில் டிஸ்டிங்ஷன் வாங்கியும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. ‘அன்றைக்கு நாம் போதுமான வெள்ளையில்லை, இன்றைக்குப் போதுமான கறுப்பில்லை’ என்பது இங்கே வீட்டுக்கு வீடு பேசுகிற பேச்சு. கறுப்பர்கள் பக்கமும் இப்படிப் பொத்தாம்பொதுவான பேச்சுதான். சஹாரன்பூரிலிருந்து 1990களில் வந்த குப்தா சகோதரர்கள் அரசாங்கத்தைச் சுரண்டியதற்கு, 1860ல் முதல் கூலிக் கப்பலான ட்ரூரோவில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மேடைகளில் திட்டு வாங்குகிறார்கள். 2021 ஜூலையில் கடைகளைச் சூறையாடிய கலவரத்தின்போது, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். எங்கள் தெருவில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கடைகள் எரிந்ததை மட்டும் இன்னும் பேசுகிறார்கள்.

2024 மே 29 அன்று மாமாவைப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குக் கூட்டிப் போனேன். மூன்று வாக்குச்சீட்டு என்பதால் வரிசை நகரவே இல்லை. எங்களுக்குப் பின்னால் பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்து ஒரு ஜூலு அம்மா, முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி 1949 கதையை ஆரம்பித்தார், தமிழில், மெதுவான குரலில்.

அந்தக் கதைக்கு இரண்டாம் பாதி உண்டு. வீடு எரிந்த ராத்திரி அவரையும் அவர் அம்மாவையும் தன் குடிசையில் சோளமூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, வாசலில் வந்து கேட்டவர்களிடம் யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பியது அங்கே வாடகைக்கு இருந்த ஒரு ஜூலு பெண். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மாமா இதை விடாமல் சொல்வார். அன்றைக்கு வீடு எரிந்ததோடு நிறுத்திவிட்டார்.

“அந்த அம்மா கதை, மாமா?” என்றேன்.

“அது வேற,” என்றார். வரிசை ஒரு அடி நகர்ந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்