என் மகள் நிலா வரலாறு படிப்பது பற்றி அக்காவுக்கு

பஃபலோ, நியூயார்க்
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே எல்லோரும் நலம். ஏரிக்காற்று வீசினால் ஒரே இரவில் வாசற்படி மறையப் பனி கொட்டிவிடுகிறது. எதிர்வீட்டு போலந்துக்காரப் பாட்டி விடியுமுன் எழுந்து எங்கள் வாசலையும் சேர்த்து வாரிவிடுகிறார். நன்றி சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

டாக்டராக நினைக்கும் நிலா கல்லூரியில் வரலாறு எடுத்ததற்குப் பெரியம்மா அழுதார் என்று எழுதியிருக்கிறாய். அழ வேண்டாம் என்று சொல். இங்கே பிளஸ் டூ முடித்ததும் மருத்துவம் கிடையாது. முதலில் நான்காண்டுப் பட்டம். அது எந்தப் பாடமாகவும் இருக்கலாம். உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உயிரியல் மாணவர்களுக்கு இவை பட்டத்துக்குள்ளேயே வந்துவிடும். நிலா வரலாற்றோடு கூடுதலாகச் சுமக்கிறாள்; அறிவியல் மதிப்பெண்ணைத் தனியாகவும் கணக்கிடுவார்கள் என்பதால் ஒன்றிலும் தளர முடியாது. என் கவலை அது மட்டும்தான்.

இங்கே மருத்துவக் கல்லூரியில் சேர எழுதும் எம்கேட் நுழைவுத் தேர்வின் நான்கு பகுதிகளில் ஒன்று முழுக்க வாசிப்புதான். 2015 முதல் உளவியலும் சமூகவியலும் உண்டு. படித்துப் பொருள் காணப் பழகியவளுக்கு அது கைகொடுக்கும். விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேல் உயிரியல் படித்தவர்கள். ஆனால் இலக்கியமும் வரலாறும் படித்தவர்களுக்கு இடம் கிடைக்கும் விகிதம் அவர்களைவிடக் குறைந்ததில்லை.

நான் சனி, ஞாயிறும் வேலைக்குப் போவது வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல்தான். வேறு எதுவும் நினைக்காதே. பொங்கலன்று மின்சார அடுப்பில் பால் பொங்கியது. 'பொங்கலோ பொங்கல்' சொல்ல வாயெடுத்தேன், குரல் எழவில்லை அக்கா. அம்மா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

கதிர் விஷயத்துக்கு வருகிறேன். அவனை இங்கே மருத்துவம் படிக்கவைக்க வாய்க்கால் கரை வயலை விற்கலாம் என்று அத்தான் சொல்வது சரியல்ல. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை. சேர்க்கும் சிலவற்றிலும் பல ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்வதுண்டு. அதற்கு முன் நான்காண்டுப் பட்டத்தின் செலவு வேறு. இன்னொரு முறை நீட் எழுதட்டும். பட்டாவில் என் பெயரும் இருப்பதால் கையெழுத்துக் கேட்டிருக்கிறாய்; இதற்காக நான் போடமாட்டேன். அத்தானுக்கு வருத்தமாக இருக்கும், நானே பேசுகிறேன். ஞாயிறு இரவு கதிரையும் பக்கத்தில் இருக்கச் சொல்.

அன்புத் தங்கை,
செல்வி